தலையை எண்ணினார்கள், இலையை எண்ணவில்லை: வளைகுடாவின் மக்கள் கணக்கு

மாதக் கடைசியில் எங்கள் கணக்கு அறையில் ஒரே கேள்விதான்: “சிஃப் ஏத்தியாச்சா?” ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் நான் கணக்கு எழுதிய வருடங்களில், சம்பளம் போடுவதற்கு முன்னால் சிஃப் என்ற அந்தச் சம்பளத் தகவல் ஃபைலைத் தயாரிக்க வேண்டும். ஆளுக்கு ஒரு வரி. 14 இலக்கத் தொழிலாளர் எண், வங்கியின் எண், கணக்கு எண், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, மொத்தம் எத்தனை நாள், நிலையான சம்பளம் எவ்வளவு, ஓவர்டைம் போல ஏறி இறங்குவது எவ்வளவு, கடைசியில் விடுப்பு நாள் எத்தனை. ஒரு கமா இடம் மாறினாலும் ஃபைல் திரும்பி வந்துவிடும். 2009இல் அமீரகம் கொண்டுவந்த ஊதியப் பாதுகாப்பு முறை இது. சம்பளம் வராத தொழிலாளிக்கு இதனால் பிடிமானம் கிடைத்தது என்பதை மறுக்க முடியாது. அதற்கு முன் கையெழுத்து வாங்கிக்கொண்டு காசைப் பாதி கொடுத்த கம்பெனிகளை நானே பார்த்திருக்கிறேன்.

நான் சொல்ல வந்தது வேறு. அந்த ஒரு வரியை வைத்து, கேம்பில் படுத்திருக்கும் ஒரு வெல்டருக்குப் போன மாதம் எத்தனை ஃபில்ஸ் போனது என்று அரசாங்கம் சொல்லிவிடும். அவர் சட்டைப் பையில் இருக்கும் பத்தாக்காவை, அதாவது அடையாள அட்டையை, புரட்டினால் இன்னும் இருக்கிறது. 784 என்று தொடங்கும் எண், அதில் பிறந்த வருடம், முன்பக்கம் நாடு, பின்பக்கம் தொழிலும் முதலாளியும். கைரேகை எடுத்திருக்கிறார்கள். மருத்துவச் சோதனையில் ரத்தம் எடுத்திருக்கிறார்கள், நெஞ்சை எக்ஸ்ரே பிடித்திருக்கிறார்கள். இத்தனை நுணுக்கமாகத் தன் எல்லைக்குள் இருப்பவரைப் பதிவு செய்யும் அரசுகள் உலகத்தில் சிலதான். ஆனால் “வெல்டருக்கு நெஞ்சுவலி வந்தால் எத்தனை மணி நேரத்தில் மருத்துவர் பார்க்கிறார், அதே வலி மேலாளருக்கு வந்தால் எத்தனை மணி நேரம்?” என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு அட்டவணை கிடையாது.

நம் ஊர்க் கல்யாணத்தில் இரண்டு கணக்கு உண்டு. மண்டப வாசலில் நின்று தலையை எண்ணுவது ஒன்று. பந்தியில் இலையை எண்ணுவது மற்றொன்று. எந்த வரிசைக்கு வடை போகவில்லை, யாருக்குப் பாயசம் எட்டவில்லை என்று சொல்வது இலைக் கணக்குதான். வளைகுடா நாடுகள் தலைக் கணக்கில் தேர்ந்தவை. இலைக் கணக்கைச் சில நாடுகள் போடுவதே இல்லை. சில போட்டும் காட்டுவதில்லை. ஒன்றிரண்டு காட்டிவிட்டு, அதை வைத்தே ஆளைப் பந்தியிலிருந்து எழுப்பப் பார்த்திருக்கின்றன.

*

சேவை யாருக்குப் போகவில்லை என்று அறிய மக்களை வகை பிரித்து எண்ண வேண்டும் என்பது தமிழ்நாட்டுக்காரர்களுக்குப் புதிய செய்தி இல்லை. 1969இல் சட்டநாதன் ஆணையம், 1982இல் அம்பாசங்கர் ஆணையம் என்று இரண்டு முறை நாம் இதைச் செய்திருக்கிறோம். எந்தச் சமூகத்தார் எத்தனை பேர், அவர்களுக்குப் படிப்பிலும் வேலையிலும் கிடைத்தது எவ்வளவு என்று இரண்டு பத்திகளை அருகருகே வைப்பதுதான் அதன் சாரம். 1931க்குப் பிறகு முழுச் சாதிக் கணக்கை வெளியிடாமலிருந்த இந்திய அரசும், அடுத்த கணக்கெடுப்பில் எடுப்பதாக 2025 ஏப்ரல் 30 அன்று அறிவித்தது. பிரிட்டனில் தெரசா மே அரசு 2017 அக்டோபரில் பள்ளி, மருத்துவமனை, காவல், வேலை எல்லாவற்றையும் இனவாரியாகப் பிரித்துப் பொதுவில் வைத்தது. பிரான்ஸ் நேரெதிர், குடிமகனிடம் இனத்தைக் கேட்பதே குடியரசுக்கு இழுக்கு என்பது அங்கே கொள்கை. கேட்டு வெளியிடுவது ஒரு வழி, கேட்காமலே இருப்பது ஒரு வழி. வளைகுடா மூன்றாவதாக ஒன்றைப் பிடித்தது: எல்லாவற்றையும் கேட்டுப் பெட்டிக்குள் வைப்பது.

தொடக்கத்தில் இப்படி இல்லை. பஹ்ரைனில் 1941லேயே கணக்கெடுப்பு நடந்தது. தொண்ணூறாயிரத்துக்குச் சற்றுக் குறைவான பேர். அந்த ஒரு முறை, சுன்னியா ஷியாவா என்றும் கேட்டார்கள். ஷியாக்கள் பாதிக்குக் கொஞ்சம் மேலே என்று வந்தது. அதற்குப் பிறகு இன்றுவரை எந்தக் கணக்கெடுப்பிலும் அந்தக் கேள்வி இல்லை. ஆட்சி சுன்னி அரச குடும்பத்தின் கையில். படையிலும் காவலிலும் எங்களைச் சேர்ப்பதில்லை, எங்கள் ஊர்களுக்கு வீட்டுத் திட்டம் வருவதில்லை என்று ஷியாக்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்கிறார்கள். அரசு மறுக்கிறது. இருவர் கையிலும் எண் இல்லை. 2011 கிளர்ச்சிக்குப் பிறகு பஸ்ஸியூனி தலைமையில் விசாரணை ஆணையம் உட்கார்ந்தபோதும் இந்தப் பள்ளம் அப்படியே இருந்தது. கேள்வியை எடுத்துவிட்டால் புகார் அடங்கிவிடும் என்று நினைப்பவர்கள் பஹ்ரைனைப் பார்க்கலாம்.

சவூதியில் 1962–63இல் எடுத்த கணக்கை அரசே ஏற்கவில்லை. முறையான முதல் கணக்கெடுப்பு 1974 வரை காத்திருந்தது. அமீரகம் என்ற நாடு பிறப்பதற்கு மூன்று வருடம் முன்னால், 1968இல், ஒப்பந்த ஷேக்ககங்களில் எண்ணியபோது ஏறக்குறைய 1,80,000 பேர் இருந்தார்கள். சென்னையில் ஒரு சட்டமன்றத் தொகுதி அளவு. 1975இல் அது ஐந்தரை இலட்சம் ஆனது. 2005இல் 41,06,427; அதில் குடிமக்கள் 8,25,495, அதாவது ஐந்தில் ஒருவர். 2010இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. பதிவேடுகளை வைத்து ஒரு மதிப்பீடு வந்தது: மொத்தம் 82,64,070, குடிமக்கள் 9,47,997. ஒன்பதில் ஒருவருக்கும் சற்றே மேல்.

அமீரகக் கூட்டமைப்பு அளவில் குடிமக்களைத் தனியே காட்டிய கணக்கு அதோடு சரி. இன்று கூட்டமைப்பின் புள்ளியியல் மையம் மொத்தத்தை வெளியிடுகிறது. 2020க்கு ஏறக்குறைய 92.8 இலட்சம். ஆண், பெண், வயது எல்லாம் உண்டு. குடிமகன் எத்தனை, இந்தியன் எத்தனை, வங்கதேசத்தான் எத்தனை என்பது இல்லை. காரணத்தை யாரும் அறிவிக்க வேண்டியதில்லை, அரபு நாளிதழ்களைப் புரட்டினாலே போதும். ‘மக்கள்தொகைக் கட்டமைப்பு’ என்ற சொல் அங்கே மென்மையான சொல் இல்லை. சொந்த நாட்டில் சிறுபான்மையானோம் என்ற கவலையை அப்படி நாகரிகமாகச் சொல்கிறார்கள். ஒன்பதில் ஒருவர் என்ற எண்ணை ஒவ்வொரு வருடமும் அச்சில் பார்க்க எந்த அரசுக்குத்தான் பிடிக்கும்?

இதில் ஒரு வேடிக்கை. கூட்டமைப்பு காட்டாததை ஷார்ஜா காட்டியது. 2022 கணக்கெடுப்பில் 18 இலட்சம் பேர், அதில் குடிமக்கள் 2 இலட்சத்துச் சொச்சம் என்று அந்த எமிரேட் வெளிப்படையாகச் சொன்னது. அபுதாபி 2023இல் வீட்டுக் கதவைத் தட்டாமல் அரசுப் பதிவேடுகளை ஒன்றோடொன்று கோர்த்தே கணக்கெடுத்துவிட்டது: ஏறக்குறைய 38 இலட்சம். ஆக, தொழில்நுட்பம் தடையில்லை. வீட்டுப் பதிவேடும் சம்பளப் பதிவேடும் மருத்துவக் காப்பீட்டுப் பதிவேடும் ஒரே 784 எண்ணில் முடிச்சுப் போட்டுக் கிடக்கின்றன. முடிச்சை அவிழ்த்தால் இலைக் கணக்கு ஒரு மதிய வேளை வேலை.

*

எல்லா வளைகுடா நாடுகளையும் ஒரே தட்டில் வைப்பது அநியாயம். ஓமனின் புள்ளியியல் மையம் எந்த நாட்டுத் தொழிலாளி எத்தனை பேர் என்று மாதந்தோறும் வெளியிடுகிறது. 2020 டிசம்பரில் அங்கே எடுத்த மின்னணுக் கணக்கில் 44.7 இலட்சம் பேர், பத்தில் ஆறு பேர் ஓமானியர். சவூதி 2022 கணக்கெடுப்பில் தைரியமாக ஒரு காரியம் செய்தது. 3.22 கோடிப் பேரில் 1.34 கோடி வெளிநாட்டவர் என்றதோடு நிற்காமல், வங்கதேசத்தார் 21 இலட்சம், இந்தியர் 19 இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு, பாகிஸ்தானியர் 18 இலட்சம் என்று பிரித்தே போட்டது. ஜித்தாவில் முப்பது வருடம் இருந்துவிட்டு வந்த எங்கள் பெரியப்பா இதைக் கேட்டதும், “நாங்க அவ்வளவு பேரா இருந்தோம்?” என்றார். கத்தார் மாதாமாதம் மொத்தத் தொகையைச் சொல்லும். கத்தாரியர் எத்தனை என்பதை முன்னே வைக்காது. ஆனாலும் அதன் 2015 கணக்கெடுப்பு ஒரு உண்மையை அறியாமலோ அறிந்தோ வெளியே விட்டது. நாட்டிலிருந்த 24 இலட்சம் பேரில் 14 இலட்சம் பேரின் வீடு என்ற இடத்தில் ‘தொழிலாளர் முகாம்’ என்று இருந்தது. ஒரு நாட்டின் பெரும்பான்மை கேம்பில் குடியிருக்கிறது என்பதை அந்த நாட்டின் அரசே அச்சிட்ட அட்டவணை வேறெங்கும் இருக்கிறதா தெரியவில்லை.

இவர்களில் குவைத்தைப் பற்றித்தான் நிறையப் பேச வேண்டும். 1957இலேயே கணக்கெடுத்த நாடு அது. இரண்டு இலட்சத்துச் சொச்சம் பேரில் குவைத்தியர் பாதிக்கு மேல். 1965இல் அவர்கள் சிறுபான்மை ஆனார்கள். 1982இல் சட்டம் போட்டுப் பொதுக் குடிமைத் தகவல் ஆணையத்தை அமைத்து ஒவ்வொருவருக்கும் ஒரு எண், ஒரு பத்தாக்கா என்று கொடுத்தார்கள். நாடு, வயது, பால், படிப்பு, குடியிருக்கும் பகுதி எல்லாம் பிரித்து அந்த ஆணையம் வெளியிடும் அட்டவணைகள் வளைகுடாவிலேயே பெரிய பொக்கிஷம். வீட்டு வேலைக்காரர்களை, நம் ஆட்கள் ‘20ஆம் நம்பர் விசா’ என்று சொல்பவர்களை, தனியாகவும் காட்டுவார்கள்.

அப்படி எண்ணியதன் பலன் என்ன? இரண்டு முகம் உண்டு.

நல்ல முகம் இது. குவைத்தின் இறப்புப் பதிவேட்டில் குவைத்தியர், குவைத்தியர் அல்லாதோர் என்று பிரிவு இருக்கிறது. பாரக் அல்அஹ்மத் என்ற குவைத் ஆய்வாளரும் சகாக்களும் அந்தப் பதிவேட்டை வெயில் கணக்கோடு சேர்த்துப் பார்த்து 2020இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கொடும் வெயில் நாட்களில் சாவு எல்லோருக்கும் கூடுகிறது, ஆனால் குவைத்தியர் அல்லாதோருக்கு, அதிலும் வேலை செய்யும் வயதினருக்கு, அந்த ஆபத்து அதிகம் என்று வந்தது. ஏசி அறையில் இருப்பவனும் சாரத்தின் மேல் நிற்பவனும் ஒரே வெயிலில் இல்லை என்பது நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் தெரிந்ததை அரசு மேசையில் வைத்துப் பேச இப்படி ஒரு பத்தி வேண்டும். அந்தப் பதிவேட்டில் அந்த ஒரு கட்டம் இல்லாவிட்டால் அந்தக் கட்டுரையும் இல்லை.

மறுமுகம்: 2013இல் ஜஹ்ரா மருத்துவமனையில் காலை வேளைப் புறநோயாளிப் பிரிவு குவைத்தியருக்கு மட்டும், மற்றவர் மாலையில் வரவும் என்று சோதனை முறையில் அறிவித்தார்கள். கூட்டம் குறைய வேண்டும் என்பது காரணம். 2017இல் வெளிநாட்டவருக்கான மருத்துவக் கட்டணங்கள் ஏறின. அடுத்த வருடம் திறந்த ஜாபர் அல்அஹ்மத் மருத்துவமனை குடிமக்களுக்கென்றே அறிவிக்கப்பட்டது. 2020 ஜூனில், வெளிநாட்டவர் 70 விழுக்காட்டிலிருந்து 30க்கு இறங்க வேண்டும் என்றார் பிரதமர். அடுத்த மாதம் நாடாளுமன்றக் குழு ஒன்று பார்த்த வரைவில் இந்தியர் குவைத்தியர் எண்ணிக்கையில் 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று இருந்தது. அப்படியே சட்டமாகியிருந்தால் எட்டு இலட்சம் இந்தியர் மூட்டை கட்டியிருக்க வேண்டும். அக்டோபரில் நிறைவேறிய சட்டத்தில் அந்த விழுக்காடு இல்லாமல் போனது நம் அதிர்ஷ்டம். ஆனால் அந்த வரைவை எழுதியவர் எந்த அட்டவணையைப் பார்த்து எழுதினார்? மேலே நான் பொக்கிஷம் என்றேனே, அதே அட்டவணையை.

பிதூன்களின் கதை இன்னும் கசப்பு. பாலைவனப் பழங்குடிகளில் 1960களில் குடியுரிமைப் பதிவுக்கு வராமல் விட்டவர்கள், அவர்கள் வழிவந்தவர்கள் என்று ஒரு இலட்சத்துக்கும் மேல். ‘பிதூன்’ என்றால் ‘இல்லாமல்’ என்று பொருள், குடியுரிமை இல்லாமல். 1980களின் பிற்பகுதி வரை குவைத் புள்ளிவிவரத்தில் இவர்களைக் குவைத்தியர் தொகையோடு சேர்த்தே எண்ணினார்கள். பிறகு ஒரு நாள் பத்தி மாறியது. ஆள் அதே வீட்டில்தான் இருந்தார், பிள்ளை அதே பள்ளிக்குத்தான் போனது. அட்டவணையில் மட்டும் அந்நியர் ஆகிவிட்டார்கள். பின்னாலேயே பள்ளி, மருத்துவம், பிறப்புச் சான்று எல்லாம் ஒவ்வொன்றாகக் கையைவிட்டுப் போயின. அமீரகத்தில் இதற்கு வேறொரு வைத்தியம் பார்த்தார்கள்: பிதூன்களில் பலருக்கு கொமோரோஸ் தீவு நாட்டின் கடவுச்சீட்டை வாங்கிக் கொடுத்தார்கள். கணக்கில் அவர்கள் கொமோரோஸ்காரர்கள். அந்தத் தீவை அவர்கள் வரைபடத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். இலங்கையில் 1911 முதல் ‘இந்தியத் தமிழர்’ என்ற கட்டத்தில் எழுதப்பட்டு, 1948இல் குடியுரிமையை இழந்த மலையகத்தாருக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை.

*

சேவைகள் பக்கம் வருவோம். இதில் மருத்துவம்தான் முக்கியம்.

அபுதாபி 2005இல் காப்பீட்டைக் கட்டாயமாக்கிச் சட்டம் இயற்றியது. துபாயின் சட்டம் 2013இல் வந்து, 2017க்குள் எல்லோரையும் கொண்டுவந்தது. வடக்கு எமிரேட்களுக்கு 2025 ஜனவரி 1 வரை ஆனது. அதாவது ஷார்ஜாவிலும் அஜ்மானிலும் என்னோடு வேலை பார்த்தவர்களில் பலர் சாலையின் இந்தப் பக்கம் இருந்ததாலேயே பல வருடம் அட்டை இல்லாமல் இருந்தார்கள். அந்தப் பக்கம் துபாயில் அதே வேலை பார்த்தவருக்கு அட்டை இருந்தது. அப்போது வந்த அடிப்படைத் திட்டத்தின் விலை வருடத்துக்கு 320 திர்ஹம். வெளிநோயாளியாகப் போனால் செலவில் கால்வாசி, மருந்தில் 30 விழுக்காடு நம் கையிலிருந்து. அபுதாபி குடிமக்களுக்கு ‘திகா’ அட்டை தனி.

குற்றம் சொல்வதற்காக இதை அடுக்கவில்லை. 320 திர்ஹமாவது வந்ததே என்று நினைப்பவன் நான். என் கேள்வி, இந்த ஒவ்வொரு அட்டைக்கும் காப்பீட்டு நிறுவனத்திடம் ஒவ்வொரு மருத்துவ வருகையும் பதிவாகிறதல்லவா? எந்த அட்டைக்காரர் நோய் முற்றிய பிறகு வருகிறார், யாருக்குச் சர்க்கரை தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுகிறது என்று அதில் இருக்கிறது. அபுதாபி 2008இல் இதைச் செய்தும் காட்டியது, ‘விகாயா’ என்ற பெயரில். திகா அட்டை வாங்க வருபவர்களை அப்படியே இதயநோய்ப் பரிசோதனைக்கும் உட்படுத்தி, ஆபத்தில் இருப்பவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மருத்துவரிடம் அனுப்பினார்கள். உலகம் பாராட்டிய திட்டம். குடிமக்களுக்கு மட்டும்.

சாவுக் கணக்குக்கு வந்தால் நிலைமை இன்னும் மங்கல். 2021 பிப்ரவரியில் கார்டியன் நாளிதழ், உலகக் கோப்பை கத்தாருக்குக் கிடைத்த பத்தாண்டில் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், வங்கதேசம், இலங்கை ஆகிய ஐந்து நாட்டார் 6,500க்கும் மேல் இறந்ததாக எழுதியது. ஊர் முழுக்கச் சண்டை. மைதானத்தில் இறந்தது எத்தனை, படுக்கையில் இறந்தது எத்தனை என்று ஆளுக்கொரு எண். கத்தாரின் சொந்தப் புள்ளிவிவரத்தில் 2010 முதல் 2019 வரை கத்தாரியர் அல்லாதோர் 15,021 பேர் இறந்ததாக இருந்தது. எல்லா வயதும், எல்லாக் காரணமும் சேர்த்து. யார் என்ன வேலையில் இருந்தார் என்பது அதில் இல்லை. காரணம் என்ற இடத்தில் பலருக்கும் ‘இயற்கை’ அல்லது ‘இதயம் நின்றது’. இதயம் நிற்காமல் யார் இறந்தார்கள்? வளைகுடா முழுவதும் வருடத்துக்குத் தெற்காசிய, தென்கிழக்காசியத் தொழிலாளர் பத்தாயிரம் பேர்வரை இறக்கிறார்கள், அதில் பாதிக்கு மேல் காரணம் விளக்கப்படாதவை என்று 2022இல் தொண்டு அமைப்புகள் கணக்கிட்டன.

எண்ணினால் எண்ண முடியும் என்பதற்கும் கத்தாரே சாட்சி. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு அங்கே உட்கார்ந்து மருத்துவமனை, ஆம்புலன்ஸ், அமைச்சகம் என்று தனித்தனிக் குறிப்புகளை ஒன்று சேர்த்தது. 2020இல் மட்டும் வேலையால் நேர்ந்த இறப்பு 50, கடும் காயம் 506, மற்றவை 37,600 என்று 2021 நவம்பரில் வெளியிட்டார்கள். உயரத்திலிருந்து விழுவதும் சாலை விபத்தும்தான் முதல் காரணம், தெற்காசியர்தான் அதிகம் என்பதும் அப்போதுதான் கறுப்பு வெள்ளையில் வந்தது.

கொரோனா நேரத்தில் இன்னொன்றைக் கவனித்தேன். சாதாரண நாளில் வாய் திறக்காத அமைச்சகங்கள் அப்போது தினமும் பேசின. குவைத் தினசரி அறிக்கையில் இத்தனை இந்தியர் என்று வந்தது. சவூதி, தொற்றியவர்களில் வெளிநாட்டவர் இத்தனை விழுக்காடு என்றது. அதற்கு முன்பே, 2020 மார்ச் 30 அன்று, இக்காமா (குடியிருப்பு அனுமதி) இல்லாதவர் உட்பட எல்லோருக்கும் சிகிச்சை இலவசம் என்று மன்னர் உத்தரவும் வந்திருந்தது. கேம்பில் இருமினால் வில்லாவுக்கும் கேட்கும் என்று தெரிந்ததும் பத்திகள் பிரிந்தன, பணமும் பிரிந்தது. நோய் ஓய்ந்ததும் அந்த அட்டவணையும் ஓய்ந்துவிட்டது.

பள்ளிக்கூடத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அரசுப் பள்ளி பெரும்பாலும் குடிமக்களுக்கு, மற்றவர்களுக்குக் காசுக்கேற்ற தனியார் பள்ளி. துபாயில் பள்ளிகளைச் சோதித்துத் தரம் போட்டு வெளியிட்டிருக்கிறார்கள், எமிராத்தி மாணவர் எப்படிப் படிக்கிறார் என்று தனியாகவும் எழுதியிருக்கிறார்கள். ஃபீஸ் கட்ட முடியாமல் ஊருக்கு அனுப்பிய பிள்ளை எந்த அறிக்கையிலும் வராது.

குடியிருப்பு சுவாரசியமானது. 2022 செப்டம்பரில் துபாய் நிலத்துறை, வீட்டில் கூடத் தங்கும் ஒவ்வொருவரையும் இரண்டு வாரத்தில் செயலியில் பதிய வேண்டும் என்றது. கராமாவிலும் சத்வாவிலும் ஒரு ஹாலைப் பலகை அடித்து நாலாக்கி, ‘பார்ட்டிஷன்’ என்று வாடகைக்கு விடுபவருக்கு வயிற்றைக் கலக்கியது. பதிந்தால் கூட்டம் அதிகம் என்று பலதியா (மாநகராட்சி) வரும், பதியாவிட்டால் அபராதம் வருமோ என்ற பயம். பெட் ஸ்பேஸில் இருப்பவருக்கும் அதே பயம். ‘உன்னை எண்ணி வீட்டு வசதியை மேம்படுத்தப் போகிறேன்’ என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. எண்ணினால் இடம் போகும் என்பதுதான் அவர் கண்ட அனுபவம். எண்ணுபவர் மேல் நம்பிக்கை இல்லாத இடத்தில் எந்தப் பதிவேடும் பொத்தல்தான். 2024இல் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை அமீரகம் பொதுமன்னிப்பு அறிவித்தபோது அதுவரை எந்தப் பட்டியலிலும் இல்லாமலிருந்தவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து வரிசையில் நின்றதைப் பார்த்தோமே.

*

நம் பக்கத்துக் கணக்கு மட்டும் ஒழுங்கா? அமீரகத்தில் இந்தியர் 35 இலட்சத்துக்கு மேல் என்று தில்லி சொல்கிறது. அதில் தமிழர் எத்தனை என்று கேட்டால் தூதரகமும் சொல்லாது, சென்னையும் சொல்லாது. கேரளம் 1998 முதல் சில வருடங்களுக்கு ஒரு முறை வீடு வீடாகப் போய்ப் புலம்பெயர்வுக் கணக்கெடுப்பு நடத்துகிறது. அதனால்தான் ஒரு மலையாளி அமைச்சர் நாடாளுமன்றத்தில் எண்ணோடு பேசுகிறார். நமக்கு 2015இல் திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்து இருதயராஜன் குழு 20,000 குடும்பங்களில் எடுத்த கணக்குதான் முதல் பெரிய முயற்சி. 22 இலட்சம் தமிழர் வெளிநாட்டில், சிங்கப்பூர் முதலிடம், அடுத்து அமீரகம், சவூதி என்று அதில் தெரிந்தது. பத்து வருடமாகியும் நாம் அந்த எண்ணைத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறோம். குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் கடவுச்சீட்டுக்காரர் மட்டும் இ-மைக்ரேட் கணக்கில் மாநில வாரியாக வருவார். பத்தாவது பாஸ் பண்ணிவிட்டுப் போனவர் அதில் இல்லை. நேபாளம் நம்மைவிட மேல். வெளிநாட்டு வேலையில் இறந்தவர் குடும்பத்துக்கு அங்கே நல நிதி பணம் தருகிறது; பணம் தருவதால் கணக்கு வைக்கிறது; கணக்கு இருந்ததால்தான் கத்தாரில் இறந்த 1,300க்கும் மேற்பட்ட நேபாளிகளின் சாவை வெயிலோடு ஒப்பிட்டு 2019இல் ஒரு ஆய்வு வர முடிந்தது.

இலைக் கணக்கு என்ன செய்யும் என்பதற்குத் தமிழர் நடுவிலேயே உதாரணம் சிங்கப்பூர். அங்கே தேர்வு முடிவுகளை இனவாரியாக வெளியிடுவார்கள். இந்தியப் பிள்ளைகள் பின்தங்குவது எண்ணில் தெரிந்தது, குழு போட்டுப் பேசினார்கள், 1991இல் சிண்டா என்ற இந்தியர் மேம்பாட்டு அமைப்பு பிறந்தது; துணைப்பாட வகுப்புகள் வந்தன. ஆனால் அதே சிங்கப்பூரில் தங்கும் விடுதியில் இருக்கும் நம் ஒப்பந்தத் தொழிலாளி அந்த இனவாரி அட்டவணையில் இல்லை. அது குடியுரிமையும் நிரந்தரவாசமும் உள்ளவருக்கானது. 2020இல் ‘விடுதித் தொற்று’ என்று தனி வரியில்தான் அவர் முதல்முறை எல்லோர் கண்ணிலும் பட்டார்.

ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் 17.18 என்று ஒன்று உண்டு. வருமானம், பால், வயது, இனம், புலம்பெயர் நிலை என்று பிரித்துத் தரவு தர வேண்டும் என்பது அது. வளைகுடா நாடுகளும் அதை ஏற்றவைதான். ஆனால் நாடு வாரியான பட்டியலை நாம் கேட்கக் கூடாது என்பது, குவைத்தைப் பார்த்தபின், என் எண்ணம். ‘இந்தியர் இத்தனை பேர் மருத்துவமனைக்கு வந்தார்கள்’ என்ற எண், அடுத்த நாளே ‘இந்தியர் கூட்டம்’ என்று ஆகிவிடும். மேலும் ‘இந்தியர்’ என்பதில் துபாய் மரினாவில் இருக்கும் வங்கி அதிகாரியும் சோனாப்பூர் கேம்பில் இருக்கும் கம்பி கட்டுபவரும் ஒன்றாகி, சராசரியில் இருவரும் காணாமல் போவார்கள். கேட்க வேண்டியது சம்பளப் படி, குடியிருப்பு வகை, காப்பீட்டு அட்டை வகை, எந்த எமிரேட் என்ற நான்கு பத்திகள். நான்கும் ஏற்கெனவே அரசு கையில் இருக்கின்றன. யாருடைய பெருமைக்கும் அதில் குறைவு வராது. குடிமகன் சிறுபான்மை என்ற பேச்சே அதில் எழாது. ஆயிரம் திர்ஹம் சம்பளத்துக்குள் இருப்பவர் எத்தனை நாள் கழித்து மருத்துவரைப் பார்க்கிறார் என்பது மட்டும் தெரியும்.

எங்கள் கம்பெனியில் லேத் ஓட்டிய ஒருவர், புதுக்கோட்டைப் பக்கம். சிறுநீரகக் கல். வலியோடு மூன்று நாள் வேலைக்கு வந்தார். நாலாவது நாள் அட்டையைத் தூக்கிக்கொண்டு போனவர் திரும்பி வந்து என் மேசை ஓரத்தில் நின்றார். “சார், இந்த அட்டைக்கு அந்த ஆஸ்பத்திரி இல்லையாம் சார். வேற இடம் சொல்றாங்க, டாக்ஸிக்கே எழுவது திர்ஹம் கேக்குறான்.” ஐந்து நாள் கேம்பிலேயே தண்ணீர் குடித்துப் படுத்திருந்தார். பிறகு ஆறு நாள் எங்கோ சேர்த்தார்கள். மாதக் கடைசியில் அவர் வரியில் விடுப்பு நாள் என்ற இடத்தில் 11 என்று அடித்தேன். ஏன் 11 என்று எழுத அந்த ஃபைலில் இடமில்லை. அதற்கடுத்த மாதம் அவரை கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். ஃபைலின் கடைசி வரியில் மொத்தம் எத்தனை பேர் என்று எழுத வேண்டும். ஒன்றைக் குறைத்து எழுதினேன். ஒரு பிழையும் இல்லாமல் முதல் தடவையிலேயே ஏறியது.